பிளேர்ஸ் லேண்டிங்: கரையின் உயரம் தீர்த்துவைத்த சண்டை

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றால் கெட்டிஸ்பர்க்கோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆற்றுச் சண்டைகள் பக்கம் வருகிறவர்களும் லூயிசியானாவின் ரெட் ரிவர் கரையிலுள்ள பிளேர்ஸ் லேண்டிங் என்றதும் ஒரே கதையைச் சொல்வார்கள்: தெற்குத் தரப்பின் டெக்சஸ் குதிரைப்படைக்காரர்கள் ரம்மைக் குடித்துவிட்டு இரும்புக் கப்பல் மேல் பாய்ந்தார்கள், தளபதியின் தலை போனது. ரம் கதை வடக்குக் கடற்படையின் அட்மிரல் டேவிட் போர்ட்டரிடமிருந்து வந்தது. செத்தவன், காயம்பட்டவன் எல்லார் மேலும் லூயிசியானா ரம் வாடை அடித்தது என்று எழுதியவர் அவர்தான். போர்ட்டரின் அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்கள் பாதியைக் கழித்துவிட்டுத்தான் மீதியை எடுத்துக்கொள்வார்கள்.

என் கருத்து இது. தாக்கியவர்கள் பிடித்த இடமும் சரி, நேரமும் சரி. கையில் இருந்த ஆயுதம்தான் தப்பு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1864 ஏப்ரல் 8இல் மேன்ஸ்ஃபீல்டில் ஜெனரல் பேங்க்ஸின் வடக்குப் படை தோற்றுப் பின்வாங்குகிறது. அந்தப் படையைச் சந்திக்க ரெட் ரிவர் ஆற்றில் மேலே போய்க்கொண்டிருந்த போர்ட்டரின் கப்பல்கள் 10ஆம் தேதி லோகி பையூ அருகே நின்றுவிடுகின்றன. 'நியூ ஃபால்ஸ் சிட்டி' என்ற பெரிய நீராவிக் கப்பலை ஆற்றின் குறுக்கே போட்டு மூழ்கடித்து வைத்திருந்தார்கள் தெற்கத்தியர்கள். தரைப்படை தோற்ற செய்தியும் அங்கேயே வந்து சேர்கிறது. திரும்ப வேண்டியதுதான்.

சிக்கலே திரும்புவதில்தான். அந்த வசந்தத்தில் ரெட் ரிவரில் வழக்கமாக ஏறும் தண்ணீர் ஏறவில்லை. எதிர்நீரில் போகும் கப்பல் மணல்திட்டில் தட்டினால் பெரிய கவலை இல்லை. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் போதும், ஆற்றின் இழுப்பே இறக்கிவிடும். நீரோட்டத்தோடு கீழே வரும்போது தட்டினால் அதே இழுப்பு கப்பலைத் திட்டின் மேல் இன்னும் ஏற்றும். சுக்கானும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஓடுகிற தண்ணீரைவிட வேகமாகக் கப்பல் போனால்தான் சுக்கானுக்குப் பிடி கிடைக்கும். குறுகிய ஆற்றில், வளைவுக்கு வளைவு, அந்த வேகத்தில் எப்படிப் போவது?

'ஓசேஜ்' கப்பலுக்கு இது இரட்டைத் தலைவலி. ஜேம்ஸ் ஈட்ஸ் ஆற்றுக்கென்றே வடிவமைத்த மானிட்டர் அது, அதாவது சுழல் கோபுரத்தில் பீரங்கி வைத்த, தாழ்வான இரும்புக் கவசக் கப்பல். நாலரை அடித் தண்ணீர் இருந்தாலே மிதக்கும். முன்பக்கம் ஒரே ஒரு சுழல் கோபுரம், அதில் 11 அங்குல டால்கிரென் பீரங்கிகள் இரண்டு. துடுப்புச் சக்கரம் பின்பக்கம். கனம் முழுக்க மூக்கில், தள்ளுவது வாலில். வளைவில் நீரோட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான். அதனால்தான் 'பிளாக் ஹாக்' என்ற போக்குவரத்துக் கப்பலைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படியும் ஏப்ரல் 12 அன்று பிளேர்ஸ் லேண்டிங் எதிரே தரை தட்டியது. 400 குதிரைகளைச் சுமந்த 'ஆலிஸ் விவியன்' ஏற்கெனவே நடு ஆற்றில் சிக்கிக் கிடந்தது. 'ஹேஸ்டிங்ஸ்' சக்கரத்தைப் பழுதுபார்க்கக் கரையோரம் ஒதுங்கியிருந்தது. இதைவிட நல்ல தருணம் தாக்குகிறவனுக்கு வாய்க்குமா?

தெற்குத் தரப்பின் தளபதி டாம் கிரீன் தன் டெக்சஸ் குதிரைப்படையோடும் சில பீரங்கிகளோடும் மாலைப் பொழுதில் வந்து சேர்ந்தார். அவருடைய ஆட்கள் சிலர் மேன்ஸ்ஃபீல்டில் பிடித்த வடக்குப் படையின் நீல மேலங்கிகளைப் போட்டிருந்தார்கள். நம் ஆட்களோ என்று ஓசேஜின் கேப்டன் தாமஸ் செல்ஃப்ரிட்ஜுக்கே முதலில் சந்தேகம். குதிரைகளை விட்டிறங்கிக் கரை விளிம்புக்கு வந்து சுட ஆரம்பித்த பிறகுதான் தெளிந்தது.

இப்போது அந்தக் கரையைப் பார்க்க வேண்டும். தண்ணீர் வற்றியதால் கரை கப்பல்களுக்கு மேலே சுவர் மாதிரி நின்றது. கரைமேல் இருப்பவனுக்கு அது ஆயத்த மார்புச்சுவர்: தலையை நீட்டு, சுடு, படுத்துக்கொள். கீழே சுழல் கோபுரத்துக்குள் இருப்பவனுக்குப் பீரங்கித் துளை வழியே தெரிவது மண். குழாயைத் தாழ்த்தினால் குண்டு கரையில் புதையும், உயர்த்தினால் படுத்திருப்பவன் தலைக்கு மேலே பறந்துவிடும். மேலே சுக்கான் அறைக்குப் போய்ப் பார்க்கலாமென்றால், பிளாக் ஹாக்கின் சுக்கான் அறை துப்பாக்கிச் சூட்டில் சல்லடையாகிவிட்டது. அதில் இருந்தவர்கள் ஓசேஜின் இரும்புக்குள் ஓடி ஒளிந்தார்கள். வடக்கு ஜெனரல் கில்பி ஸ்மித்தின் தரைப்படை வீரர்கள் போக்குவரத்துக் கப்பல்களில் பஞ்சுப் பொதிகளையும் ஓட்ஸ் மூட்டைகளையும் அடுக்கி, அதன் பின்னாலிருந்து திருப்பிச் சுட்டார்கள்.

இந்த நிலையில் ஓசேஜைக் காப்பாற்றியது தலைமைப் பொறியாளர் தாமஸ் டவுட்டி செய்து வைத்திருந்த ஒரு குழாய். உள்ளே கண்ணாடிகள் பொருத்திய, கோபுரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பெரிஸ்கோப். தலையை வெளியே காட்டாமல் கரைமேல் யார் எங்கே திரள்கிறார்கள் என்று பார்க்க முடிந்தது. எதிரி விளிம்புக்கு வரும்வரை காத்திருந்து, சிறு குண்டுகளைக் கொத்தாகச் சிதறடிக்கும் கிரேப், கேனிஸ்டர், அப்புறம் திரியை ஒரு விநாடிக்கு வெட்டிய ஷ்ராப்னல் என்று சுட்டார்கள். ஒரு விநாடித் திரி என்றால் குண்டு சில நூறு மீட்டருக்குள் வெடித்துவிடும். கரையைக் கடந்த கையோடு வெடித்து ஈயக் குண்டுகளை முன்னோக்கி வாரி இறைக்கும். ஒவ்வொரு பீரங்கிக் குண்டும் சுமார் 60 கிலோ. இன்னொரு பக்கம் 'லெக்சிங்டன்' தெற்கத்தியரின் பீரங்கிகளைக் கவனித்துக்கொண்டது. அது இரும்புக் கவசம் இல்லாத, கனத்த ஓக் பலகைக் கப்பல்.

சண்டை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. முடியும் தறுவாயில் வெள்ளைக் குதிரைமேல் ஓர் அதிகாரியைக் கண்டு பீரங்கியைத் திருப்பியதாகவும், புகை விலகியபோது ஆளைக் காணோம் என்றும் செல்ஃப்ரிட்ஜ் பின்னாளில் எழுதினார். கிரீன் தலையில் அடிபட்டு இறந்தது உண்மை. எந்தக் கப்பலின் குண்டு என்ற சச்சரவில் எனக்கு ஆர்வம் இல்லை. 1836இல் சான் ஜசின்டோவில் சண்டையிட்டவர், வால்வெர்டேயிலும் கால்வெஸ்டனிலும் வென்றவர், 49 வயது. டெக்சஸில் ஒரு மாவட்டமே இன்று அவர் பெயரில் இருக்கிறது.

இழப்புக் கணக்கில் இரண்டு தரப்பையும் நம்ப முடியாது. போர்ட்டர் எதிரிப் பிணங்களை நூற்றுக்கணக்கில் எண்ணினார். தெற்குத் தரப்போ கிரீனைத் தவிரப் பெரிய இழப்பே இல்லை என்றது.

இனி ரம் விஷயம். விளிம்பை விட்டு நகராமல் ஒரு மணி நேரம் சுட்டவர்களுக்குப் போதை தேவையில்லை. கப்பல் தரை தட்டிக் கிடக்கிறது, சுக்கான் அறை காலி, பீரங்கிக்காரனுக்கு நம்மைத் தெரியாது. இந்த மூன்றும் கண்ணெதிரே இருந்தால் நிதானமானவனும் இன்னும் பத்து நிமிடம் சுட்டுப் பார்ப்போம் என்றுதான் நினைப்பான். பெரிஸ்கோப் இருப்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. தப்பு, ஆறு அங்குல இரும்புக் கோபுரத்தைத் துப்பாக்கியால் அடக்கிவிடலாம் என்று நம்பியதில். கவசமில்லாத கப்பல்களின் கொதிகலனையும் சக்கரத்தையும் குறிவைத்துப் பீரங்கிகளை முன்னரே மறைத்து வைத்திருந்தால் அந்த மாலை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இது வெறும் ஊகம் இல்லை. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 26 அன்று, கேன் ரிவர் கலக்கும் இடத்துக்கு அருகே தெற்கத்தியர் ஒரு சின்னப் பீரங்கி அணியை மறைத்து வைத்துக் காத்திருந்தார்கள். போர்ட்டரே ஏறியிருந்த 'கிரிக்கெட்' சில நிமிடங்களில் 38 முறை அடிவாங்கியது. பின்னால் வந்த 'சாம்பியன் 3' கப்பலின் கொதிகலனில் ஒரு குண்டு இறங்கியது. தோட்டங்களிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள் அதில் நிறைந்திருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் நீராவியில் வெந்து செத்தார்கள்.