புலி பார்க்கத்தான் ஆசை என்றால் தாமான் நெகாரா வேண்டாம்

மலேசியாவின் மழைக்காட்டுத் தேசியப் பூங்காவான தாமான் நெகாராவுக்குப் போய்வந்தவர்கள் எழுதுவதைப் பார்த்தால் பல பேரிடம் ஒரே புலம்பல். இவ்வளவு செலவு பண்ணி, வியர்வையில் ஊறி, அட்டைக்கடி வாங்கி நடந்தோம், ஒரு குரங்கைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை, வேஸ்ட் என்று. என்னோடு வந்த நண்பனும் அங்கே நடக்க ஆரம்பித்த மறுநாளே இதே பாட்டைத் தொடங்கிவிட்டான்.

மழைக்காட்டுக்கு விலங்கு பார்க்கிற ஆசையோடு போவதே தப்பு என்பேன். ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஜீப்பில் உட்கார்ந்தபடி சிங்கம் பார்க்கலாம், அங்கே மறைப்பு இல்லை. இங்கே மரங்கள் முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில் கூரை போட்டு வெயிலைக் குடித்துவிடுகின்றன, தரைக்கு வந்து சேர்வது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். பூ, பழம், பூச்சி எல்லாம் மேலே, அதைத் தின்கிற கூட்டமும் மேலே. கீழே திரிகிற பெரிய விலங்குகளில் பலதும் ராத்திரியில்தான் வெளியே வரும். புலியா? கண்ணி வைத்துப் பிடித்தும் காட்டை அழித்தும் நாடு முழுக்கச் சேர்த்தே 150-க்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். 4,343 சதுர கிலோமீட்டர் காட்டில் அது உங்களைப் பார்த்தால் உண்டு.

ஆனால் அவை வந்துபோன தடம் எங்கேயும் கிடக்கிறது, காட்டிக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வழிகாட்டி ஓடையோரச் சேற்றில் குனிந்து விரல்களை எண்ணிக் காட்டினார்: முன்காலுக்கு நாலு, பின்காலுக்கு மூணு. தாபிர், குட்டித் தும்பிக்கை வைத்த பன்றி மாதிரி ஒரு விலங்கு. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், சருகு மூடிய தரையில் ஒரு இடம் மட்டும் காலையில் பெருக்கிய வாசல் மாதிரி சுத்தமாக இருந்தது. ஆர்கஸ் என்கிற, மயிலுக்கு உறவுக்காரப் பறவையின் வேலையாம். சேவல் சருகையெல்லாம் ஒதுக்கி ஆடுகளம் தயார் பண்ணிவிட்டுக் கூவும், பெட்டை வந்தால் இறக்கையை விரித்து ஆடும். சேவலை நாங்கள் பார்க்கவில்லை, தூரத்திலிருந்து குரல் மட்டும் கேட்டது. எனக்கு அதுவே போதும். நண்பன் சிக்னல் தேடிக்கொண்டிருந்தான்.

அப்புறம் அந்த அட்டை. கடிக்கும்போது பெரும்பாலும் தெரியவே தெரியாது, ரத்தம் உறையாமல் செய்கிற எச்சிலை விட்டுவிட்டுப் போவதால் கசிவு நிற்கத்தான் நேரமாகும். நெருக்கமான துணியில் தைத்த, முழங்கால்வரை வரும் அட்டை சாக்ஸ் போட்டால் தீர்ந்தது. இதற்குப் பயந்து பயணத்தையே கைவிடுவதெல்லாம் அநியாயம்.

காலையில் மரங்களுக்கு இடையே கட்டிய தொங்குபாலத்தில் செல்ஃபி, மதியம் பாத்தேக் பழங்குடியினர் குடியிருப்பில் ஊதுகுழாயில் அம்பு விட்டுப் பார்ப்பது, சாயங்காலம் வேன் பிடித்துக் கோலாலம்பூர். இப்படிப் போனால் ஒன்றும் தெரியாதுதான். அந்த மக்கள் வாழ்கிற காட்டில் அவர்களையே அரைமணி நேர வேடிக்கையாக்குவது எனக்குப் பிடிக்கவும் இல்லை. பூங்கா வாசலில் இருக்கிற கோலா தாகான் கிராமத்தில் சில ராத்திரியாவது தங்குங்கள், வழிகாட்டிக்குக் கொடுக்கிற காசில் கஞ்சத்தனம் வேண்டாம். இரவு நடைக்குத் தனியாகக் கேட்பார்கள், கொடுங்கள், புற ஊதா டார்ச் அடித்து மரப்பொந்தில் தேள் பச்சையாக ஒளிர்வதைக் காட்டுவார்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மட்டும் டிக்கெட் போடாதீர்கள், மழையில் ஆறு ஏறிவிடும்.