மில்க்வீட் விதைக்குக் குளிர் வேண்டும்

"பட்டர்ஃப்ளை மில்க்வீட் விதையை மே மாதம் தூவித் தினமும் தண்ணீர் விட்டால் அதே கோடையில் பூத்துவிடும்" என்று சிலர் சொல்வது சரியில்லை, இதை நம்பி விதைத்துவிட்டு ஒன்றும் முளைக்காமல் செடியையே வெறுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய், அயோவா மாநிலங்கள் பக்கத்துப் புல்வெளிச் செடி இது, ஒரு குளிர்காலத்தைத் தாண்டினால்தான் விதை ஒழுங்காக முளைக்கும். நவம்பரில் வெளியிலேயே விதைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஈர மணலோடு கலந்து ஜிப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் 30 நாளாவது வையுங்கள்.

முதல் வருடம் அது மண்ணுக்குள் தடித்த ஆணிவேரை வளர்ப்பதிலேயே இருக்கும், மேலே நாலு இலை தெரிந்தால் பெரிது, பூ பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வருடம்தான். பிடுங்கி இடம் மாற்றினால் அந்த வேர் அறுந்துபோகும், அதனால் நல்ல வெயில் விழுகிற இடமாக முதலிலேயே பார்த்து வையுங்கள். வேர்பிடித்த பிறகு தினமும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், தேங்கினால் அழுகிவிடும். அப்புறம், வசந்தத்தில் மற்றதெல்லாம் தழைத்த பிறகுதான் இது தலைகாட்டும். செத்துவிட்டது என்று தோண்டிப் போடாமல், பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மொனார்க் பட்டாம்பூச்சியின் புழு இலையைக் கடித்தால் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள், அந்தப் புழு தின்பதற்குத்தானே நடுகிறோம்.