சாணக்கியர் பெயரைச் சொல்லி வெளியுறவு பேசுமுன்

எல்லையில் ஏதாவது சச்சரவு என்றால் போதும், மறுநாள் காலையே "பக்கத்து நாடு பகை, அதற்கடுத்த நாடு நட்பு, சாணக்கியர் அன்றே சொன்னார்" என்று பதிவுகள் வரிசை கட்டிவிடும். "எதிரியின் எதிரி நண்பன்" என்பதையும் அவர் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். அப்படி ஒரு வாக்கியம் அவர் பெயரில் வழங்கும் அரசியல் நூலான அர்த்தசாஸ்திரத்தில் இல்லை. முதலில் சொன்னது இருக்கிறது, ஆனால் பாதிதான்.

பெரும்பாலான குழப்பம் புத்தகத்தை மாற்றிப் பிடிப்பதில் தொடங்குகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுபவை பெரும்பாலும் "சாணக்கிய நீதி" என்ற செய்யுள் தொகுப்பைச் சேர்ந்தவை, அல்லது அதிலும் இல்லாதவை. அந்தத் தொகுப்பு பல வடிவங்களில் வழங்குகிறது. பாம்பு, மனைவி, மூடன், நண்பன் என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு வரி கிடைக்கும். அர்த்தசாஸ்திரம் வேறு நூல். 15 அதிகரணம் (பெரும்பிரிவு), 150 அத்தியாயம், 180 பிரகரணம் (பொருட்பிரிவு) என்று தன் கணக்கைத் தானே முதல் அத்தியாயத்தில் சொல்லிக்கொள்ளும், பெரும்பாலும் உரைநடையில் அமைந்த சாஸ்திரம். அதற்குள் "சாணக்கியர்" என்ற பெயரே வராது. கௌடில்யர் என்றுதான் இருக்கும். கடைசிச் செய்யுளில் விஷ்ணுகுப்தர்.

வெளியுறவுக்காகப் படிப்பவர்கள் திறக்க வேண்டியது 6ஆம் அதிகரணத்தின் 2ஆம் அத்தியாயம். மண்டலக் கோட்பாடு, அதாவது அரசர்களின் வட்டம், அங்கேதான் இருக்கிறது. நடுவில் விஜிகீஷு, அதாவது வெல்ல விரும்பும் அரசன். முன்பக்கம் வரிசையாகப் பகை, நட்பு, பகையின் நட்பு, நட்பின் நட்பு, பகையின் நட்புக்கு நட்பு என ஐந்து பேர். பின்பக்கம் முதுகில் குத்தக் காத்திருப்பவன், அவனுக்குப் பின்னால் நமக்குத் துணை வருபவன், இவ்விருவருக்கும் ஆளுக்கொரு நண்பன் என நான்கு பேர். மத்யமன் (நமக்கும் பகைவனுக்கும் எல்லையில் இருந்து இருவரையும் தாங்கவோ அடக்கவோ வல்லவன்), உதாசீனன் இருவரையும் சேர்த்தால் மொத்தம் 12. ஒவ்வொருவருக்கும் அமைச்சு, நாடு, அரண், கருவூலம், படை என ஐந்து உறுப்புகள், 60 ஆயிற்று. அரசர்கள் 12 பேரையும் கூட்டினால் 72. "படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும்" என்ற குறள் 381 நினைவுக்கு வந்தால் சரிதான், அதே பட்டியல். குறளின் ஆறில் நட்பு மட்டும் இங்கே கழிந்துவிடுகிறது, நண்பர்களே தனி அரசர்களாக வட்டத்தில் நிற்பதால்.

இங்கே தமிழ் வாசகருக்கென்றே ஒரு பொறி உண்டு. உதாசீனம் என்றால் நமக்கு அலட்சியம். இந்த நூலில் உதாசீனன் என்பவன் மற்ற எல்லாரையும்விட வலுவானவன், வட்டத்துக்கு வெளியே இருப்பவன், யார் பக்கம் சாய்ந்தாலும் ஆட்டத்தையே மாற்றக்கூடியவன். "நடுநிலை நாடு" என்று பெயர்த்துவிட்டு அணிசேராக் கொள்கைக்கு முன்னோடி என்று கட்டுரை எழுதுவது இதனால் வரும் பிழை. நேருவை ஏற்பவர்களும் செய்கிறார்கள், ஏசுபவர்களும் செய்கிறார்கள்.

மண்டலத்தை நிலப்படமாகப் பார்ப்பது அதைவிடப் பெரிய தவறு. 7ஆம் அதிகரணத்தின் கடைசி அத்தியாயம் வரை (7.18) போனால், எல்லையை ஒட்டிய அரசர்களையே மூன்று வகையாகப் பிரித்திருப்பது தெரியும்: பகைவன்போல் நடப்பவன், நண்பன்போல் நடப்பவன், ஏவலாள்போல் நடப்பவன். அண்டை என்பது சந்தேகத்தின் தொடக்கம், தீர்ப்பு அல்ல. 6.2-ஐ மட்டும் படித்துவிட்டு மூடிவைத்தவர்களிடமிருந்துதான் அந்தப் "பக்கத்து நாடு பகை" பிறக்கிறது.

7ஆம் அதிகரணம் முழுவதும், 18 அத்தியாயமும், ஆறு குணங்களைப் பற்றியது: சந்தி, விக்கிரகம், ஆசனம், யானம், சம்சிரயம், துவைதீபாவம். உடன்படுதல், பகைத்தல், பொறுத்திருத்தல், படையெடுக்க ஆயத்தமாதல், வலியவனை அண்டுதல், ஒருவனோடு உடன்பட்டு இன்னொருவனோடு பகைத்தல். சாம தான பேத தண்டம் என்ற நான்கு உபாயங்கள் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாத பதிவு அபூர்வம். ஆறெல்லாம் எதற்கு, போர் சமாதானம் என்று இரண்டே போதும் என்கிறார் வாதவியாதி என்ற ஆசிரியர். நிலைமைகள் வேறுபடுவதால் ஆறுதான் என்கிறார் கௌடில்யர். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியே போருக்கும் சந்திக்கும் ஒரே பலன் என்றால் சந்தியைக் கொள் என்பதுதான். போரில் ஆள்சேதம், செலவு, ஊர்விட்டுப் போதல், இடையூறு எல்லாம் உண்டு என்று காரணமும் கணக்காகவே வருகிறது. போர்வெறிக்குச் சாணக்கியரைத் துணைக்கழைப்பவர்கள் 7.2-க்கு வருவதே இல்லை. ஆறாவதான துவைதீபாவத்தை வள்ளுவர் ஒன்றேமுக்கால் அடியில் முடித்திருக்கிறார்: "தன்துணை இன்றால் பகையிரண்டால் தான்ஒருவன் இன்துணையாக் கொள்கவற்றின் ஒன்று" (875).

சரி, எந்தப் பதிப்பு? 1905இல் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்த கிரந்த எழுத்துச் சுவடியிலிருந்து ஆர். சாமசாஸ்திரி 1909இல் மூலத்தை அச்சிட்டார்; 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் எல்லாரும் அதையே எடுத்தாள்கிறார்கள். அந்த மனிதர் செய்தது மகத்தான வேலை, ஆனால் முதல் முயற்சி. பிறகு வேறு சுவடிகள் கிடைத்து, த. கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் 1924–25இல் ஒரு பதிப்பு கொண்டுவந்தார். ஆர். பி. காங்லே பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்காக மூலம் (1960), மொழிபெயர்ப்பு (1963), ஆய்வு (1965) என மூன்று பாகம் செய்தார். இன்று 7.2.1 என்று எண் போட்டு மேற்கோள் காட்டுகிறோமே, அது அவருடைய சூத்திர எண். எண் இல்லாத மேற்கோளை நம்பாதீர்கள்.

கடைகளில் சுலபமாகக் கிடைப்பது எல். என். ரங்கராஜனின் பெங்குவின் பதிப்பு. வெளியுறவுப் பணியில் இருந்தவர் என்பதால் விளக்கப்படங்கள் தெளிவு. ஆனால் அவர் நூலைப் பொருள்வாரியாகக் கலைத்து அடுக்கியிருக்கிறார். 6.2-க்குப் பின் 7.1 ஏன் வருகிறது, எந்த ஆசிரியரைக் கௌடில்யர் எந்த இடத்தில் மறுக்கிறார் என்ற ஓட்டம் அதில் அறுந்துபோகும். இரண்டாவது புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பாட்ரிக் ஒலிவெல் 2013இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு. குறிப்புகளே தனி நூல் அளவுக்குப் பயன்படும். தமிழில் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரின் "கௌடிலீயம் பொருணூல்" உண்டு. நடை கடினம்தான், ஆனால் கலைச்சொற்களுக்கு அவர் தேடிப் பிடித்த தமிழ்ச் சொற்களுக்காகவே புரட்ட வேண்டும்.

காலம் பற்றிய சண்டையைத் தவிர்க்க முடியாது. காங்லே மௌரியர் காலம் என்றார். 1971இல் தாமஸ் டிரவுட்மன் என்ற ஆய்வாளர் மூலத்தில் "ச" (உம்), "வா" (அல்லது) போன்ற சிறு சமஸ்கிருதச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, 2, 3, 7 ஆகிய அதிகரணங்கள் வெவ்வேறு கைகள் எழுதியவை என்று காட்டினார். வெளியுறவு பேசும் 7ஆம் அதிகரணமும் அதில் அடக்கம். ஒலிவெல் கௌடில்யர் தொகுத்த வடிவத்தைக் கி.பி. 50 முதல் 125க்குள் வைக்கிறார். சந்திரகுப்தரின் தலைநகரான பாடலிபுத்திரத்தின் மதில் மரத்தாலானது என்று அங்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் வழி வரும் செய்தி சொல்கிறது. அர்த்தசாஸ்திரமோ மரத்தில் நெருப்பு ஒளிந்திருக்கிறது, கோட்டைக்கு ஆகாது என்கிறது. எனவே "சந்திரகுப்தரின் வெளியுறவுக் கொள்கை" என்று தலைப்பிட்டு இந்த நூலைச் சான்றாகக் காட்டும் ஆய்வேட்டை எச்சரிக்கையோடுதான் தொட வேண்டும். இது ஒரு நாடு எப்படி நடந்தது என்ற ஆவணம் அல்ல, எப்படி நடக்கலாம் என்ற விவாதம்.

படிக்கும் வரிசை: 6.2, 7.1, 7.2, 7.18, பிறகு நேராக 12.1. இந்தக் கடைசி அத்தியாயத்தைத் தில்லியின் சாணக்கியபுரியில் தூதரகம் வைத்திருக்கும் சிறிய நாடுகள்தான் முதலில் படிக்க வேண்டும். வலியவன் படையெடுத்து வந்தால் மெலிந்த அரசன் என்ன செய்வது? நாணல்போல் வளைந்துகொடு என்கிறார் பாரத்வாஜர் என்ற முந்தைய ஆசிரியர். இருப்பதையெல்லாம் திரட்டிப் போரிடு என்கிறார் விசாலாட்சர் என்ற இன்னொருவர். கௌடில்யர் இரண்டையும் மறுக்கிறார். எல்லாரிடமும் வளைபவன் உயிர்மேல் நம்பிக்கையற்ற ஆட்டுக்கடா. சிறுபடையோடு மோதுபவன் ஓடமில்லாமல் கடலில் இறங்கியவன். வந்திருப்பவனைவிட வலியவனை அண்டு, இல்லையேல் பிடிக்க முடியாத கோட்டைக்குள் போ. வந்திருப்பவன் எந்த ரகம் என்றும் பார்: பணிந்தால் போதும் என்பவனா, மண்ணும் பொருளும் கேட்பவனா, மனைவி மக்களோடு உயிரையும் கேட்பவனா? மூன்றாமவனுக்கு மண்ணும் பொருளும் கொடு, ஆனால் அவன் கைக்கு எட்டாத இடத்தில் நின்றுகொண்டு கொடு.