கிழக்கு சும்மா இருக்கவில்லை

ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்சவுக்கு எதிராக 2022இல் எழுந்த போராட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் கொழும்பில் உள்ளவர்கள் கேட்கிறார்கள்: "நாங்கள் காலிமுகத்திடலில் கிடந்தபோது மட்டக்களப்பு ஏன் சும்மா இருந்தது?" நம்மட ஆக்களிலும் சிலர், "அது சிங்கள ஆக்கள்ற போராட்டம், நமக்கென்ன?" என்று கதையை முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் கேட்க எனக்குக் கோபம்தான் வருகிறது.

கொழும்பில் 13 மணிநேரம் மின்வெட்டு வந்தது 2022 மார்ச் கடைசியில். நம்மட வயல் வட்டைகளுக்குள் நெருக்கடி அதற்குப் பல மாதம் முந்தியே இறங்கிவிட்டது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைக் கோத்தாபய அரசு ஒரே வர்த்தமானியில் நிறுத்தியது. பெரும்போகம் தொடங்கியபோது கமநல சேவை நிலையங்களில் யூரியா இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் விவசாயிகள் அப்போதே உரம் கேட்டு வீதிக்கு வந்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். விதைத்த பயிர் அதுவரை காத்திருக்குமா? சொந்தக் காணிக்காரர் ஒருவாறு தாங்கிக்கொண்டார். குத்தகைக்கு எடுத்துச் செய்தவர் மனைவியின் நகையை அடகு வைத்து, நுண்கடனும் எடுத்து விதைத்தவர். விளைச்சல் விழுந்தாலும் கிழமைத் தவணைக்கு ஆள் வீட்டு வாசலுக்கு வரத்தான் செய்தார். அந்தத் தவணைக்கு முகம் கொடுத்தது பெரும்பாலும் பெண்கள். "அரகலய" என்று சொல்லும் அந்த 2022 போராட்டம் பற்றிய எந்தப் பேச்சிலும் அவர்களை நான் காணவில்லை.

மீனவர்கள் கதையும் அப்படித்தான். படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ஆனது 2022 ஓகஸ்டில். ஜனாதிபதி மாறி, காலிமுகத்திடல் கூடாரங்களையும் பிடுங்கிய பிறகு.

பிறகு ஏன் இங்கே கூட்டம் குறைவு? 2021 பெப்ரவரியில் கிழக்கில் பொத்துவிலில் இருந்து வடக்கில் பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பேரணியாக நடந்தார்கள். காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், கொரோனாவில் இறந்ததால் கட்டாயமாக எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எல்லாம் கோரிக்கையில் இருந்தன. நடந்தவர்கள் பலர் பிறகு பொலிஸ், நீதிமன்றம் என்று அலைந்தார்கள். அன்று தெற்கில் இருந்து பெரிதாக ஒரு குரலும் வரவில்லை. கூட்டத்துக்குப் போனால் யாரோ படம் எடுப்பார்கள், நாளைக்கு வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள் என்ற பயம் இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். ஆக்கள் வீட்டில் இருந்தது கோபம் இல்லாததால் அல்ல. 2022 மே 18 காலிமுகத்திடலில், 2009இல் போரின் கடைசியில் செத்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். அதை நான் மதிக்கிறேன், குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு நாள் கஞ்சியால் அந்தப் பயம் போய்விடாது.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ராஜபக்ச சகோதரர்களும் வேறு சில உயர் அதிகாரிகளும் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்பு. அடகில் மூழ்கிய நகைக்கு அதில் வழியில்லை. 2019 கடைசியில் வற் வரியை 15இல் இருந்து 8 வீதமாக வெட்டி நாட்டின் வருமானத்தை வறளவிட்டார்கள். 2024 ஜனவரியில் இருந்து அது 18. உரமில்லாமல் ஒரு போகத்தையே இழந்த அந்தக் குத்தகைக்காரர்தான் கடையில் வாங்கும் சாமானுக்கு அதையும் கட்டுகிறார்.