வாளிக் கணக்கு இருக்கட்டும், எண்ணெய்க் கணக்கு எங்கே?

கடலில் எண்ணெய் கொட்டினால் கிருஷ்ணகிரிக்காரனுக்கு என்ன வந்தது என்று கேட்பவர்கள் ஒருமுறை ஓசூர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் வந்து பாருங்கள். மதகு திறந்தால் தென்பெண்ணையில் நுரை மலையாய்ப் பொங்கும், தரைப்பாலம் இருக்கும் இடமே தெரியாது. நுரை அடங்கினால் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதைக் கிளப்பிய கழிவு தண்ணீரோடு தண்ணீராக எங்கள் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

எண்ணூரிலும் இதே கதைதான். 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கசிவே இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிற்பாடு வந்த மதிப்பீடு கிட்டத்தட்ட 200 டன். கரையில் பாறை இடுக்குகளில் தார் மாதிரி அப்பியதை மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளிக் கைமாற்றினார்கள். பலருக்கு ஒழுங்கான கையுறைகூட இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் படத்தையே சாதனையாகக் காட்டியவர்கள் மேல்தான் கோபம்.

'இத்தனை டன் அகற்றினோம்' என்ற அறிக்கையை நான் அப்படியே நம்புவதில்லை. கப்பலின் கனமான எண்ணெய் அலையில் அடிபட்டால் தண்ணீரை உள்ளே இழுத்துப் பல மடங்கு ஊதிவிடும். அதோடு மணலும் சேரும். அள்ளிய சகதியில் எண்ணெய் எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால்தானே கணக்கு?

வசதியான நாடு மட்டும் கிழித்துவிட்டதா? 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறு விபத்தில் ஆயிரக்கணக்கான படகுகள் இறங்கின. அமெரிக்க அரசின் கணக்கிலேயே, வெளியேறிய எண்ணெயில் கடல் மேலிருந்து அள்ளியது வெறும் 3 சதவீதம், எரித்தது 5. உடைந்த கிணற்று வாயிலேயே பிடித்தது 17. அப்புறம் சுமார் 70 லட்சம் லிட்டர் ரசாயனத்தைக் கொட்டி எண்ணெயைத் துளித்துளியாக உடைத்தார்கள். மேலே கடல் பளிச்சென்று ஆகும், எண்ணெய் மீன் இருக்கிற ஆழத்துக்குப் போகும். 1989இல் அலாஸ்காவில் கப்பல் எண்ணெய் கொட்டியபோது கரைப் பாறைகளைச் சுடுநீர் பீய்ச்சிக் கழுவினார்கள். எண்ணெய்க்குத் தப்பிய சிப்பிகள் அந்தச் சூட்டில் செத்தன.

அதற்காகச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. கடலில் பரவுவதற்குள் பிடித்தால்தான் உண்டு, கரைக்கு வந்தபின் செய்வதெல்லாம் பாதி கண்துடைப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு இறங்கியபோதும் மீனவர்கள் கையால்தான் அள்ளினார்கள். நடுவில் கிட்டத்தட்ட ஏழு வருடம் போயிருந்தது. அதற்குள் என்ன கருவி வாங்கினீர்கள், அது எங்கே நிற்கிறது, முதல் மணி நேரத்திலேயே அதைத் தண்ணீரில் இறக்க வேண்டிய அதிகாரி யார்? அடுத்த கப்பல் மோதுவதற்குள் இதையாவது துறைமுக வாசலில் பலகை போட்டு எழுதி வையுங்கள்.