சும்மா கிடைத்த கூடமும் ஓர் அலமாரியும்

"கூடம் சும்மாவே கிடைக்கிறதே, அப்புறம் என்ன தயக்கம்?" பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு எங்கள் பகுதியில் ஒரு மாலை நேர மையம் தொடங்க இடம் தேடிய நாட்களில், இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. எனக்கும் முதலில் தயக்கம் இருக்கவில்லை. வாடகைப் பணம் மிச்சமானால் இன்னொரு பொறுப்பாளரை அமர்த்தலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இடம்தான் காலை வாரிவிட்டது.

கூடம் வேறொரு அமைப்புக்குச் சொந்தம். நல்ல மனதோடு கொடுத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாவி அவர்களிடம் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை போனால், உள்ளே அவர்களுடைய கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. வாசலில் புத்தகப் பையோடு 22 பிள்ளைகள். வேலைக்குப் போன பெற்றோர் 6 மணிக்கு முன்னால் வர முடியாது. படிக்கட்டில் உட்காரவைத்து விடுகதை போட்டு இரண்டு மணி நேரத்தை ஓட்டினோம். அடுத்த வாரம் வந்தவர்கள் 13 பேர். பிள்ளைகள் மறந்துவிட்டார்கள், பெற்றோர் மறக்கவில்லை. இன்று திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டுப் பிள்ளையை அனுப்ப வேண்டிய இடத்தை நம்பி யார் வேலைக்குப் போவார்கள்?

இன்னொன்று, அந்தக் கூடத்தில் எங்களுக்கென்று ஓர் அலமாரிகூடக் கிடையாது. ஒவ்வொரு மாலையும் சுவரில் ஒட்டியதைப் பிய்த்து, தரையைத் துடைத்து, நாங்கள் வந்த சுவடே இல்லாமல் வெளியேற வேண்டும். அட்டையில் பாலம் கட்டிக்கொண்டிருந்த பையன் ஒருவன் பாதி முடிந்ததை வீட்டுக்குத் தூக்கிப் போனான். பஸ் நெரிசலில் அது நசுங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் ஒரே மாலையில் முடிகிற வேலையை மட்டுமே எடுத்தான். கூடத்தின் சதுர அடி எவ்வளவு என்று இப்போது யாராவது சொன்னால், அங்கே ஒரு பொருளை வைத்துவிட்டுப் போக முடியுமா என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

அதன் பிறகு ஏழு இடங்கள் பார்த்தோம். உரிமையாளர்கள் எல்லோரும் ஞாயிறு காலையில் வரச் சொல்வார்கள். ஞாயிறு காலையில் எந்த இடமும் அழகாகத்தான் இருக்கும். வாரநாளில், பள்ளி விடும் நேரத்தில், பிள்ளைகள் வரும் வழியிலேயே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த ஓர் இடத்தை அப்படித்தான் கைவிட்டோம். சிக்னல் இல்லாத ஒரு சாலையைக் கடக்க, பெரியவர்களான நாங்களே நான்கு நிமிடம் நின்றோம். வேறோர் இடத்தில் உள்ளே போய் ஒருமுறை கைதட்டியதும் போதும் என்றாகிவிட்டது. உயர்ந்த கூரை, வெறும் சுவர். ஒரு கைதட்டல் மூன்றாகத் திரும்பியது. அங்கே முப்பது பிள்ளைகள் பேசினால், பொறுப்பாளர் கத்தியே ஓய்ந்துபோவார்.

மாடியில் ஒன்று கிடைத்தது. காற்று, வெளிச்சம், வண்ணம் எல்லாம் பிரமாதம். ஆனால் ஏறி இறங்க ஒரே படிக்கட்டு, ஜன்னல்களில் திறக்க முடியாத இரும்புக் கம்பி. தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "இதுவரை பிடித்ததில்லை" என்றார் உரிமையாளர். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? நன்றி சொல்லி இறங்கி வந்துவிட்டோம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை எப்படி மேலே கொண்டுபோவது என்ற கேள்வி அப்படியே மனதில் நின்றுவிட்டது.

இந்தத் தேடலில் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் மூத்த பிள்ளைகள்தான். சின்னவர்கள் நாம் அழைத்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களுக்குப் பிடிக்காவிட்டால் வாதாட மாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள். ஆறாவது இடத்துக்கு நான்கு பேரைக் கூட்டிப் போனோம். நாங்கள் மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பெண் பிள்ளைகள் இருவர் நேராகக் கழிப்பறைக்குப் போனார்கள். திரும்பி வந்து, "உள்தாழ்ப்பாள் இல்லை, குப்பைக்கூடை இல்லை, வாசல் பையன்கள் விளையாடும் பக்கம் இருக்கிறது" என்றார்கள். அதுவரை பார்த்த ஐந்து இடங்களிலும் கழிப்பறையை நாங்கள் எட்டிப் பார்த்ததோடு சரி. வெட்கமாக இருந்தது. தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளைகளின் கருத்துக்கு இடம் தர வேண்டும் என்று 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. அதை மேடையில் பேசியிருக்கிறேன், கழிப்பறை வரைக்கும் கொண்டுபோகத் தோன்றவில்லை.

டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் கார்ல் தியோடர் சோரன்சன், ஒழுங்காகக் கட்டித் தந்த விளையாட்டிடங்களைவிடக் கட்டட வேலை நடக்கும் மனைகளில்தான் பிள்ளைகள் ஆனந்தமாக விளையாடுவதைக் கவனித்தார். அந்த எண்ணத்தில்தான் 1943-இல், நாடு ஜெர்மானியரின் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பழைய பலகையும் செங்கல்லும் நிரம்பிய விளையாட்டிடம் ஒன்று திறக்கப்பட்டது. நாம் பளபளப்பான தரையைத் தேடுகிறோம். பிள்ளைகளுக்கு வேண்டியது, கீறல் விழுந்தாலும் யாரும் திட்டாத தரை.

பள்ளிக் கட்டடமே மாலையில் காலியாக இருக்கிறதே என்று பலர் சொல்வார்கள். உண்மை. வகுப்பறை, கழிப்பறை, மைதானம் எல்லாம் அங்கே இருக்கின்றன, சாலையைக் கடக்கும் கவலையும் இல்லை. ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்ற ஒரே கேள்வியில் பேச்சு நின்றுவிடுகிறது. அதை எழுத்தில் தீர்த்துக்கொள்ளத் துணியும் தலைமை ஆசிரியர் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது இருக்கும் இடம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தரைத்தளம், குறுகலான இரண்டு அறைகள், யாருக்கும் பிடிக்காத பச்சை வண்ணம். சத்தம் போட ஒன்று, வீட்டுப்பாடம் எழுத ஒன்று. இடையிலுள்ள கதவில் கண்ணாடி போட்டிருக்கிறோம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையும் மற்றவர் கண்ணில் படாமல் தனித்திருக்க வேண்டியதில்லை. முன்னும் பின்னும் வாசல். வாடகை உண்டு, ஒரு வருடத்துக்கு எழுதி வாங்கிய ஒப்பந்தமும் உண்டு. சாவி எங்களிடம். மேற்குப் பக்க ஜன்னலில் 4 மணி வெயில் அப்படியே முகத்தில் அடிக்கிறது, இன்னும் திரை வாங்கவில்லை. அலமாரியின் மேல்தட்டில் அந்தப் பையனுடைய அட்டைப் பாலம் இரண்டு வாரமாக நிற்கிறது. இன்னும் முடியவில்லையாம், யாரும் தொடக்கூடாதாம்.