வரவு அடுத்த வீட்டுப் பேரேட்டில் ஏறும் செலவு

காரைக்குடியில் சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. அவற்றுள் ஒன்று, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் இட்டு, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிற அதே பழைய முறைதான். கறுப்பிலும் கருஞ்சிவப்பிலும் சில மாதங்களில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது என்ற புகார் அடிக்கடி வந்ததால், அப்பட்டறைக்காரர் ஆறு மாதம் மணலைக் கழுவிப் பார்த்தும், சிமெண்டை மாற்றிப் பார்த்தும், ஊறவைக்கும் நாள்களைக் கூட்டிக் குறைத்தும் ஒருவழியாகப் பக்குவத்தைக் கண்டுபிடித்தார். கொல்லையில் வீணான கற்கள் மதில் உயரத்துக்குக் குவிந்துவிட்டன. கூடவே இருந்த வேலையாள் ஒருவர் கூடுதல் கூலிக்கு அடுத்த பட்டறைக்குப் போனதும், அந்தப் பக்குவமும் அவரோடு சேர்ந்தே போய்விட்டது.

"இந்தச் செலவை எந்தத் தலைப்புல எழுதுவீங்க, தம்பி?" என்று பட்டறைக்காரர் கேட்டார். 'சேதாரம்' என்று எழுதினேன். ஆராய்ச்சி என்று எழுத எனக்கே தோன்றவில்லை.

ஆராய்ச்சிச் செலவின் பொருளாதாரம் முழுவதும் அந்தக் கொல்லையில் கிடக்கிறது. பொருளாதார அறிஞர்கள் ரிச்சர்டு நெல்சன் 1959லும் கென்னத் ஆரோ 1962லும் எழுதிய கட்டுரைகளின் சாரம் இதுதான்: ஒருவர் செலவழித்துக் கண்ட அறிவைப் பிறர் ஏறத்தாழ இலவசமாக எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், செலவழித்தவருக்குக் கிடைக்கும் பலனைவிட ஊருக்குக் கிடைக்கும் பலன் பெரிது, ஆகவே சந்தையை அதன் போக்கில் விட்டால் நிறுவனங்கள் தேவையைவிடக் குறைவாகவே ஆராய்ச்சிக்குச் செலவிடும். அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து புளூம், ஷாங்கர்மன், வான் ரீனன் ஆகியோர் 2013இல் வெளியிட்ட கணக்கில், சமூகத்துக்குச் சேரும் ஆதாயம் செலவிட்ட நிறுவனத்துக்குச் சேர்வதைப்போல் இரு மடங்குக்குமேல் வருகிறது.

இந்தியா ஆராய்ச்சிக்கு 2020–21இல் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. தென்கொரியாவில் இது 5 விழுக்காட்டை ஒட்டி நிற்பதும், அதில் முக்கால் பங்குக்கு மேல் நிறுவனங்களே செய்வதும், இங்கே தனியார் தொழில்துறையின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டி நிற்பதும் தெரிந்த செய்திகள். உடனே நம் முதலாளிகளைக் கருமிகள் என்று ஏசுவது எளிது. வட்டிக்கு வட்டி பார்த்து வளர்ந்த ஊர்க்காரனான என்னால் அவர்களை முழுமனத்தோடு ஏச முடியவில்லை. வரவு அடுத்தவர் பேரேட்டில் ஏறும் என்று தெரிந்தே எவரும் முதல் போடுவதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறர் கண்டதை உள்வாங்கிக்கொள்ளவே சொந்த ஆராய்ச்சி தேவைப்படுகிறது என்று கோஹனும் லெவிந்தாலும் 1989இல் எழுதினார்கள். பக்குவத்தைக் கைப்பற்றிய அந்த அடுத்த பட்டறையில் வேறு லோடு மணல் வந்தவுடன் மறுபடியும் உப்புப் பூத்தது. ஏன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அரசு இதுவரை கையாண்ட வழி பெரும்பாலும் வரிச்சலுகை. நிறுவனத்துக்குள் நடக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆராய்ச்சிக்கு, வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை செலவில் 200 விழுக்காடாக இருந்து, 150 ஆகி, 2020 ஏப்ரல் முதல் 100க்கு இறங்கிவிட்டது. அதாவது சலுகை என்று எதுவும் இல்லை. செலவு செலவாகக் கழிகிறது, அவ்வளவுதான். இறங்குவதற்கு முன்பும் அது தனி உரிமையாளர் நடத்தும் பட்டறைக்கு எட்டாத கனிதான். 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சித் திட்டம் பெரியது, வரவேற்கத்தக்கது. ஆனால் அதன் அடித்தளம் நீண்டகாலக் குறைவட்டிக் கடன். கடன் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாரும் விளக்க வேண்டியதில்லை. கசிந்து ஊருக்குப் போய்விடும் வரவை நம்பி அசலைத் திருப்பச் சொன்னால், கசியாத ஆராய்ச்சிக்கு மட்டுமே அந்தப் பணம் போகும். அரசின் துணை மிகுதியாகத் தேவைப்படுவதோ கசிகிற ஆராய்ச்சிக்கு.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தது கடனாக அன்று. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த சிக்ரி, அதாவது காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், எழுந்தது அந்தக் கொடையில்தான். மின்கலம், மின்முலாம், துரு என்று அது ஆராய்ந்தவற்றின் பலன் காரைக்குடியின் எந்தக் கல்லாவிலும் தனியாகக் காசாக விழுந்ததில்லை. விழாது என்பதனால்தான் அதைப் பொதுப்பணத்தில் நடத்த வேண்டியிருக்கிறது. லித்தியம் மின்கலத்தின் தொடக்க வேலை 1970களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் விட்டிங்காம் என்ற வேதியியலர் செய்தது. 1991இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்து சம்பாதித்தது சோனி. எக்ஸான் அளவுள்ள நிறுவனமே வழியில் விட்டுவிட்ட ஒன்றைச் சிறு முதலாளி ஏன் தொடவில்லை என்று கேட்பது நியாயமாகுமா?

என் கருத்தில், கடனுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது பொது ஆய்வகங்கள் சிறு தொழில்களின் சிக்கல்களை எடுத்துச் சோதித்து, முடிவை எல்லாருக்கும் திறந்துவைப்பதற்கு மானியமாகத் தர வேண்டும். உப்பு ஏன் பூக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் எல்லாப் பட்டறைக்கும் அது போதும். ஒவ்வொரு கொல்லையிலும் தனித்தனியாகக் கல் குவிய வேண்டியதில்லை.

ஆத்தங்குடியிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு காரைக்குடிக்கு வாராவாரம் வருகிற அந்தப் பட்டறைக்காரரிடம், சிக்ரிக்குள் போயிருக்கிறீர்களா என்று போன வாரம் கேட்டேன். "அங்கே நமக்கு என்ன தம்பி வேலை?" என்றார். இப்போது பச்சைச் சாயத்தில் ஏதோ சோதித்துக்கொண்டிருக்கிறார். இம்முறை வேலையாள்களை அனுப்பிவிட்டு, இரவில், தனியாக.